வாளிக்கு விழுந்த ஒரே ஓட்டு

மரியாதைக்குரிய பெரியப்பா அவர்களுக்கு, தங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதுவது.

நீங்களும் பெரியம்மாவும் நலம் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வெளியே காட்டத்தான் முகம் இல்லை. போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு வீடு முழுக்கக் கேட்கவைப்பீர்கள் என்பதால் கடிதம். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்காமல் படியுங்கள்.

அடுத்த மாதம் வந்து, "வாளிக் கட்சியின் கடைசித் தூண்" என்று அப்பாவை மேடையேற்றி மாலை போடப்போவதாகச் சொன்னீர்கள். அதை எப்படியாவது நிறுத்திவிடுங்கள். தூண் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நம் வீட்டு விசுவாசம் உங்களுக்குத் தெரியாததில்லை. குடை எதிர்க்கட்சிச் சின்னம் என்பதற்காக அப்பா எந்த மழையிலும் குடை பிடித்ததில்லை. வருஷா வருஷம் சளிக் காய்ச்சலோடு படுப்பார். எதிர்க்கடைத் தையல்காரர் குடைக் கட்சி ஆள் என்பதால் அவர் வாளியைத் தொடமாட்டார், பெயிண்ட் டின்னில்தான் தண்ணீர் பிடிப்பார். இந்தச் சுற்றுவட்டாரமே இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தலைமுறை வாளி என்று நீங்கள் பேசும்போதெல்லாம் அத்தை எங்களிடம் கண்ணடிப்பார். தாத்தா முதலில் நாற்காலிக் கட்சியாம். குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னவர்கள் போடவில்லை, வாளிக்காரர்கள் போட்டார்கள், அன்றோடு தாத்தா நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டார், முதுகு பிடித்துக்கொண்டபோதும் ஸ்டூல்தான். அதற்கு முன்னால் அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு "நாற்காலி வாழ்க" என்று கத்திய குழந்தை நீங்கள்தான் என்கிறார். அத்தை சொல்வதை அப்படியே எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

அந்தக் குழாயில் தண்ணீர் நின்று பல வருஷமாகிவிட்டது. அதைக் கேட்க வாளிக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் எங்கள் பூத்தில் வாளிக்கு ஏஜென்டாக உட்கார்ந்தவர் அப்பா. குடைக்குத் தையல்காரர். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்துச் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். முடிவு வந்தபோது அந்தப் பூத்தில் வாளிக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

அன்று சாயங்காலம் தெருவே நம் சைக்கிள் கடைக்கு வந்தது. "ஊரே கவுந்தாலும் நீ ஒருத்தன் நின்னியேப்பா" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார், அது அடக்கம் என்று நான் நினைத்தேன். பெருமை தாங்காமல் உங்களுக்குப் போன் செய்ததும் நான்தான். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் இருப்பது ஒரே ஓட்டு இல்லையே, அம்மாவுடையது எங்கே போனது?

சமையலறையில் கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "உங்கப்பா போடுவாரு, உன் தம்பி போடுவான், என் ஒண்ணு கொறஞ்சா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்" என்றாள். தம்பியும் அதையே சொன்னான். "அப்பா, அம்மா ரெண்டு இருக்குல்லக்கா, போதாதா?" சரி, அப்பாவாவது மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்த ஆறுதலும் போனது. நான் கடையில் இருந்தபோது தையல்காரர் தெருவைத் தாண்டி வந்தார்.

"மச்சான், ஒன்னய ஊரே கொண்டாடுது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்த ஓட்டு என்னுது."

அப்பா ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, "நீ எதுக்குய்யா வாளிக்குப் போடுற?" என்றார்.

"எங்களுக்குத்தான் கொட்டிக் கெடக்குதே. ஒனக்கு சைபர்னு வந்தா எப்படி நீ கடை தொறப்பேன்னு ஒண்ணு போட்டேன். அதுக்காக அந்தப் பேரை நீயே வாங்கிக்கிட்டா எப்படி?"

"நான் போடலேன்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

"நீயும் போட்டிருந்தா ரெண்டுல்ல வந்திருக்கணும்?"

ட்யூபிலிருந்து குமிழி மட்டும் வந்துகொண்டே இருந்தது. பஞ்சர் எங்கே என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அப்பா ஒட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "வீட்ல மூணு ஓட்டு இருக்குன்னு நெனச்சேன்யா" என்றார். தையல்காரர் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. "வெளிய சொல்லல, விடு" என்று போய்விட்டார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை போல இருந்தது.

ராத்திரி அப்பா என்னிடம், "அண்ணனுக்கு நீயே எழுதும்மா. மாறிட்டேன்னு எழுதாத. கை தவறிடுச்சுன்னு எழுது" என்றார். கை தவறியது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பக்கத்து நகரத்தில் நூலக வேலையில் மாட்டிக்கொண்டு ஓட்டுப் போட வர முடியாமல் போன நான், வந்து போட்டவர்களைப் பற்றி என்ன சொல்ல? கண்ணாடி பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாலையை வேண்டுமானால் தையல்காரருக்குப் போடுங்கள். ஆனால் அவர் கட்சியில் அவரைச் சும்மா விடமாட்டார்கள், அதனால் அதுவும் வேண்டாம்.

பெரியம்மாவுக்கும் அண்ணன்களுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். எங்களைத் திட்டி முடித்த பிறகு, கொஞ்சம் ஆசியும் மிச்சமிருந்தால் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தபால் பெட்டி தெருமுனையில். அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குடையை எடுத்து நீட்டினார். விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். ஓட்டுப் போட வர முடியாமல் போன அன்றைக்கே நான் வாங்கிய குடை என் கைப்பையில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.