பதினாறு டிகிரி மரியாதை

திராட்சை விளைவிக்கிறவனுக்குத் திராட்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது மனிதகுலம் வெகு தாமதமாகக் கண்டறிந்த உண்மை. கண்டறிந்த பெருமை 'பள்ளத்தாக்குத் திராட்சை ரசனை மேம்பாட்டு வாரிய'த்தைச் சேரும். அனுமந்தன்பட்டி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பன்னீர்த் திராட்சையைப் பயிரிட்டு, பறித்து, விற்று, மிஞ்சியதைத் தின்று காலத்தை வீணடித்து வந்தார்கள். அதை முறைப்படி மோந்து பார்க்க ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த அறியாமையைப் போக்கவே அர்ஜென்டினாவிலிருந்து 'மால்பெக்' என்னும் சிவப்பு ஒயின் வரவழைக்கப்பட்டது.

வாரியத்தின் தற்காலிக எழுத்தர் ரூபனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. தென்னமெரிக்க மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்து வளர்ந்தவன் அவன். ஒரு சொட்டும் குடித்ததில்லை. ஆனாலும் தென்னமெரிக்க ஒயினைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. அந்த நாவல்களில் யாராவது செத்தாலும் ஒயின், காதலித்தாலும் ஒயின், ராணுவம் ஆட்சியைப் பிடித்தாலும் ஒயின். எனவே ஒயினின் குணநலன்களையும் அதனோடு சேரும் உணவுகளையும் தமிழில் எழுதும் பொறுப்பு அவனுக்கே வந்தது. 'கத்தரிப்பூ நிறம். நாவற்பழம், கொக்கோ, புகையிலை வாசனை. முடிவில் பதப்படுத்திய தோலின் மெல்லிய சாயல்' என்று எழுதிவிட்டு, தன் நடையில் தானே கிறங்கிப்போயிருந்தான்.

அந்தக் கிறக்கத்தைக் கலைப்பதற்கென்றே அவன் அப்பா ஞானமுத்து மினி லாரியோடு வாரிய வாசலில் வந்து நின்றார். வண்டி நிறையத் திராட்சை கிரேட்டுகள்.

"ஏலே ரூபா, கேரளாவுல ஹர்த்தாலாம்டா. கூடலூரத் தாண்டி ஒரு வண்டி போகல. நான் விடியமுன்னயே பறிச்சுப்புட்டேன். யாவாரி இப்பத்தான் போன் போட்டு, நாளைக்கு எடுத்துக்கிறேங்கிறாரு. நேத்துப் பேஞ்ச மழைக்குப் பழமெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. வெயில்ல நின்டா சாயந்தரத்துக்குள்ள அம்புட்டும் கூழாகிரும். ஒங்க குளிர் ரூம்ல இன்னைக்கு ஒரு நா வச்சுக்கிறச் சொல்லுடா."

ரூபன் மேலாளர் வைகுண்டராஜிடம் ஓடினான்.

"முடியாதேப்பா. உள்ள ஒயின் இருக்கு."

"ஒரே ஒரு பெட்டிதான சார்? ஓரமாத் தள்ளி வச்சுட்டு…"

"ஒயினுக்குப் பதினாறு டிகிரி. திராட்சைக்கு ரெண்டு டிகிரி. ஒண்ணோட ஒண்ணு சேருமா? எதோட எது சேரும்னு எழுதுன ஆளு நீயே இப்பிடிக் கேக்கலாமா?"

அறிவியல்பூர்வமான பதில். ரூபன் அதை அப்படியே அப்பாவிடம் கொண்டுவந்து சேர்த்தான்.

"அந்த ரூமக் கட்டும்போது திராட்சைக்குன்னுதான சொன்னாக?"

"ஒயினும் திராட்சைதான்ப்பா."

"சரிதான். அது பிளைன்ல வந்த திராட்சை, இது மினி லாரியில வந்த திராட்சை" என்றார் ஞானமுத்து. நிகழ்ச்சி முடிந்தால் குளிர் அறைச் சாவி கிடைக்குமென்ற நம்பிக்கையில் உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த 'ரசனை ஆலோசகர்' விஷால், கணுக்கால்வரை தொங்கும் வெள்ளை அங்கியோடு மேடையேறினார். சலசலப்பை அடக்க, கரண்டியால் கோப்பையைத் தட்டினார். ணிங், ணிங், ணிங். பிறகு ஒயினின் நிறத்தை வெளிச்சத்தில் காட்டுவதற்காக, கோப்பையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கினார்.

வெள்ளை அங்கி. மணிச்சத்தம். உயர்ந்து நிற்கும் இரசக் கிண்ணம். பூசையில் இந்தக் கட்டத்தில் என்ன செய்யவேண்டுமென்று அனுமந்தன்பட்டிக் கத்தோலிக்கர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்காலிகள் சரசரக்க, மண்டபமே முழந்தாள்படியிட்டது. இன்னாசியம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

வைகுண்டராஜ் போடிக்காரர், கத்தோலிக்கர் அல்லர். அவருடைய கோயிலில் இந்த மணி கிடையாது. அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"பாத்தீகளா சார், எங்க விவசாயிகளோட ரசனைய!"

"அன்பிலீவபிள் சார்! மெண்டோசாவுலகூட இப்படி ஒரு ரெஸ்பெக்ட்ட நான் பார்த்ததில்ல" என்றார் விஷால். அர்ஜென்டினாவின் ஒயின் ஊரான மெண்டோசாவை அவர் போனில்தான் பார்த்திருந்தார்.

அடுத்து, ஒயினோடு சேரும் பாலாடைக்கட்டித் துண்டுகள் தட்டில் வந்தன. இன்னாசியம்மாள் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். விஷால் ஒரு கணம் தயங்கி, ஒரு துண்டை அதன்மேல் வைத்தார்.

"ஆமென்" என்றவள், பக்கத்திலிருந்த சந்தனம்மாளின் காதைக் கடித்தாள். "என்னாத்தா இது, சவுக்காரக் கட்டி மாதிரி இருக்கு?"

"பேசாம முழுங்கு. வெளிநாட்டுப் பூசைன்னா அப்பிடித்தான் இருக்கும்."

விஷால் கோப்பைக்குள் மூக்கை விட்டு ஆழமாக இழுத்தார். முகம் மலர்ந்தது.

"வாவ்! நல்லாக் கனிஞ்ச பழம்… தேன்… லேசான புளிப்பு… ஏதோ தேனீக்கள் பறக்கிற மாதிரி ஒரு ஃபீல்!"

முழங்காலில் இருந்தபடியே ஞானமுத்து சொன்னார்: "தம்பி, அது கிளாசுல இருந்து வரல. வெளிய என் வண்டியில இருந்து வருது."

ரூபன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். லாரியின் பின்பக்கத்திலிருந்து சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. தேனீக்கள் மொய்த்தன.

வைகுண்டராஜ் கண நேரமும் தாமதிக்காமல் நடவடிக்கை எடுத்தார். "ஜன்னலச் சாத்துங்கப்பா! ஒயின் வாசம் கொழம்புதுல்ல!"

"சார், எப்பிடியும் முழங்கால்லதான் நிக்கிறேன், இப்பிடியே கேட்டுக்கிறேன். அந்தச் சாவியக் குடுங்க. பாதியாச்சும் மிஞ்சும்."

"நிகழ்ச்சிக்கு நடுவுல கோரிக்கை கூடாதுய்யா. நன்றியுரையில சொல்லிக்கலாம். ரூபா, நீ அந்த உணவுப் பொருத்தத்தப் படி."

ரூபன் ஒலிபெருக்கியின் முன்னால் வந்தான்.

"மால்பெக்குடன் நன்றாகச் சேர்வது தணலில் வாட்டிய இறைச்சி. நம் ஊருக்கு மட்டன் சுக்கா என்று கொள்ளலாம். காளானும் சேரும். மீனோடு ஒட்டாது."

தாளில் அவ்வளவுதான் இருந்தது. ரூபன் அப்பாவைப் பார்த்தான். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. தாளை மடித்துவிட்டு அவன் தொடர்ந்தான்:

"இவை எல்லாவற்றையும்விட இந்த ஒயினோடு கச்சிதமாகச் சேர்வது, வாசலில் அழுகும் பன்னீர்த் திராட்சையும், அதை விளைவித்துவிட்டு உள்ளே முழங்காலில் நிற்கும் மனிதரும். இந்த இரண்டும் இல்லாமல் இதைப் பதினாறு டிகிரியில் பரிமாறவே முடியாது."

முதலில் கைதட்டியவர் வைகுண்டராஜ்தான். "அருமை! இதே பொருத்தத்தப் பள்ளத்தாக்குல எல்லா ஊருக்கும் கொண்டுபோவோம்!" என்று அறிவித்தார்.

வாரியம் இதுவரை தந்த வாக்குறுதிகளில், சொன்னபடியே நிறைவேற்றியது அந்த ஒன்றைத்தான்.