ஹைலாலாவின் அத்தை மேல் ஒரு புகார்

ஆக்லாந்து,
ஜூலை, விடாத மழை.

நம் சொந்த வவாவுத் தீவில் நல்ல வெயிலும் காய்ந்த துணியுமாக வாழ்கிற என் தங்கை லாவினியாவுக்கு அக்கா காலோலைனே எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால், உன் கிழங்குத் தோட்டம், உன் வீட்டுக்காரர் மூவரும் சுகமென்று நம்புகிறேன்.

சுகமென்று எழுதிவிட்டேனே தவிர, வயிறு எரிகிறது. என் பேத்தி ஹைலாலாவை அவள் அத்தை மெலனைத்தே கொண்டுபோய்விட்டாள். மழை பிடித்த நாளிலிருந்து குழந்தைக்கு ஈர இருமல். படுத்தால் நெஞ்சுக்குள் விசில். நான் சும்மா இருந்தேனா? தேங்காயெண்ணெய் காய்ச்சி நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்து, மகள், மருமகன், பிள்ளைகள் எல்லோரையும் ஒரே அறையில் ஒரே ஹீட்டரைச் சுற்றிப் படுக்கவைத்து, ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி அடைத்து, அவளை என் கைக்குள் வைத்துக்கொண்டேன். சுவரில் தண்ணீர் வழிந்தது உண்மைதான். எங்கள் சபையைச் சேர்ந்த நர்ஸ் பெண் வந்து சுவரைத் தொட்டாள், குழந்தை முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். "பாட்டி, இவ்ளோ நாள் ஈர இருமல் இருந்தா அது சாதாரணம் இல்ல, நெஞ்சே கெட்டுப்போயிடும். மருந்தும் வேணும், காஞ்ச வீடும் வேணும்" என்றாள். "நம்ம புள்ளைங்க எல்லாம் இருமித்தான்டி வளருது" என்று நானும் இருமிக்கொண்டே சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெலனைத்தே, "அப்ப எங்க வீட்டுல தூங்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். நம் வழக்கப்படி அப்பனுடைய அக்கா வைத்ததுதான் சட்டம், அவள் வாய் திறந்தபின் அம்மாவைப் பெற்றவளுக்கு என்ன பேச்சு? மருமகன் சோசையா குனிந்த தலை நிமிராமல் பாயையும் தலையணையையும் காரில் ஏற்றினான். அது என் தலையணை!

சனிக்கிழமைதோறும் சபை மண்டபத்தில் இருமல் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த நர்ஸ் பெண் பாட்டிலில் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, ஒரு குழாய் கொடுத்து ஊதச் சொல்கிறாள், சளி இளகுமாம். என் பேத்தி அத்தை மடியில் உட்கார்ந்து ஊதுகிறாள், சளி வந்தால் மண்டபமே கைதட்டுகிறது, பெயரெல்லாம் மெலனைத்தேவுக்கு. என் எண்ணெயில் இளகிய சளி அது! பொறுக்காமல் நான் ஒரு வாளித் தண்ணீரில் சோப்புப் புட்டியையே கவிழ்த்து, தோட்டத்துக் குழாயை ஆளுக்கொரு துண்டாக வெட்டி, "வாடி கண்ணு, பாட்டிகிட்ட பெருசா ஊதலாம்" என்றேன். அவள் ஊத, நான் ஊத, அவள் கூட்டாளிகள் எல்லோரும் ஊத, நுரை வாளியைத் தாண்டி, பாயைத் தாண்டி, ஓரமாகக் கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்த ஆண்களின் மரக்கிண்ணத்தில் ஏறிவிட்டது. கண்ணை மூடிக் குடித்த போதகர் ஏப்பத்தோடு ஒரு குமிழி விட்டார். மெலனைத்தே துடைப்பத்தோடு வந்து, "ஊதினது போதும்மா, கொஞ்சம் உக்காந்து மூச்சு வாங்குங்க" என்றாள். எவ்வளவு மரியாதை பார்! அதுதான் இன்னும் எரிகிறது.

ஆகையால் தங்கையே, உன் ஊரிலிருக்கிற தோக்கிலுபேக் கிழவி மெலனைத்தேவுக்கு அத்தை. அவள் ஒருத்தி சொன்னால்தான் இவள் அடங்குவாள். நம் கொழுத்த பன்றியைக் கொண்டுபோய் அவள் முன் வைத்து, பேத்தியைப் பாட்டியிடம் திருப்பிக் கொடுக்கும்படி போனில் ஓர் உத்தரவு போடச் சொல்.

கர்த்தர் உன் கூரையையும் கோழிகளையும் காப்பாராக. மெலனைத்தேவையும் காக்கட்டும், எல்லோருக்கும் கடைசியாக.

அன்புள்ள அக்கா,
காலோலைனே

பி.கு.: இதை மடிக்கும்முன் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன், அங்கேயும் ஈரம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான். சுவரைத் தடவினேன், கை காய்ந்தே வந்தது. ஹைலாலா தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் காதை வைத்தேன். விசில் இல்லை. என் காதுதான் போய்விட்டதோ என்று மறு காதையும் வைத்தேன். இல்லை, லாவினியா. மூச்சு மட்டும் போகிறது, வருகிறது. "அப்படியே பக்கத்துல படுத்துக்கோங்கம்மா" என்றாள் மெலனைத்தே. படுத்தேன், நானும் இருமவில்லை. பன்றி போனால் போகட்டும், உத்தரவை மட்டும் மாற்றி வாங்கு: பாட்டியையும் அந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அவளிடம் நானாகக் கேட்கமாட்டேன்.