விரலை எடுக்கும் வரை

ஒரு கம்பெனியின் பங்கு ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்குப் போனால் அரசுக்கு வரி கட்ட வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்படியே இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

எங்களுடையது சலவைக் கம்பெனி. பாதிப் பங்கு எனக்கு, பாதி என் தங்கைக்கு. வெள்ளையை வெள்ளையாகவே வைத்திருப்பது என் கொள்கை. அவளுக்கோ சாயத்தின் மேல் பைத்தியம். நிறம் போன துணிக்கு அவள் சாயம் ஏற்றிக் கொடுத்தால் துணிக்காரரே அடையாளம் தெரியாமல் முழிப்பார். ஆனால் அவள் தொட்டியில் மறந்துவிட்ட ஒரு சிவப்புச் சட்டை, ஓர் ஓட்டலின் படுக்கை விரிப்பு மொத்தத்தையும் ரோஸ் ஆக்கிவிட்டது. அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையை ஓட்டல்காரரே வந்து விலக்கிவிட வேண்டியிருந்தது. அவள் பங்கை நான் வாங்கிக்கொள்வது, அந்தப் பணத்தில் அவள் தனியாகச் சாயக்கடை போடுவது என்று முடிவானது. பின்தெருவில் குழாயும் சாக்கடையும் உள்ள ஓர் அறையையும் பார்த்துவிட்டாள். மாசக் கடைசி வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்றார் வீட்டுக்காரர்.

பங்கு மாற்றும் பாரத்தை நிரப்பிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. அதற்குப் பின்னால் ஓர் ஆள், அவர் கையில் ஒரு முத்திரை. 'டொக்' என்று ஒரு குத்துக் குத்தினால் பங்கு கைமாறியது, வேலை முடிந்தது. அன்றைக்கு ஜன்னல் சாத்தியிருந்தது. முத்திரைக்காரர் அதற்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், லீவா?"

"லீவெல்லாம் இல்ல. நவீனமயமாக்கல். பழைய முறையை எடுத்துட்டாங்க."

"புது முறை?"

"அதைத்தான் மாடியில கலந்தாலோசிக்கிறாங்க. நிபுணருங்கல்லாம் வந்திருக்காங்க."

"அதுவரைக்கும் பழைய மாதிரியே குத்திக் கொடுக்கலாமே?" என்றாள் தங்கை.

"குத்தினா நவீனமயமாக்கலே தேவையில்லைன்னு ஆயிடுமேம்மா."

அவள் என் முழங்கையை இடித்தாள். "அண்ணே, மேல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. மாசம் முடிஞ்சா என் கடை போச்சு."

போனேன். வாசலிலேயே ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். "சிறுதொழில் பிரதிநிதிதானே? எவ்வளவு நேரம் சார் காத்திருக்கிறது! போட்டோவில ஒரு நாற்காலி காலியாத் தெரியுது." வாயைத் திறப்பதற்குள் உட்காரவைத்துவிட்டார்கள். நான் செய்வது தொழில்தான், அது சிறியதுதான். ஆகவே இதில் பிழை இருப்பதாக எனக்கும் படவில்லை. பிஸ்கட்டும் நல்ல பிஸ்கட்டாக இருந்தது.

நடுவில் செயலாளர். அவர் பக்கத்தில் கோட்டுக்காரர். நாட்டிலேயே அதிகப் பங்குகளை வாங்கி விற்கும் நிறுவனத்தின் நிபுணர் அவர். பங்கு வரியைக் கட்ட அவ்வளவு கசப்பு வேறு யாருக்கும் இருக்க முடியாது என்பதால், அதைப் பற்றி ஆலோசனை சொல்லும் தகுதியும் வேறு யாருக்கும் இல்லை.

"இனி எல்லாம் கம்ப்யூட்டரில்," என்றார் செயலாளர். "பொத்தானை அமுக்கினால் பங்கு மாறும். நம் முன் உள்ள கேள்வி ஒன்றுதான். வரி எந்தக் கணத்தில் பிறக்கிறது? பொத்தானை அமுக்கும்போதா, விரலை எடுக்கும்போதா?"

அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"எடுக்கும்போதுதான்," என்றார் கோட்டுக்காரர். "அமுக்குறப்போ மனுஷன் யோசிச்சிட்டிருக்கான். யோசனைக்கு வரி போட்டா எந்த முதலீட்டாளர் வருவான்?"

"பங்கு எப்போது மாறும்?"

"அமுக்கின உடனே. சந்தை காத்திருக்காதே."

"மிகச் சரி."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அமுக்கினா எடுக்கத்தானே செய்வோம்? ரெண்டும் ஒண்ணுதானே?"

"அது உங்கள் அனுபவம்," என்றார் செயலாளர். "சட்டம் எல்லோருடைய அனுபவத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்."

"அப்ப ஒருத்தன் விரலை எடுக்கவே இல்லைன்னா?"

கோட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாராவது அப்படிச் செய்வாங்களா சார்?" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

"ஐயா, கீழே அந்த ஜன்னல்…"

"அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை."

கட்டைவிரலும் விரல்தானா என்று ஆராய ஓர் உபகுழு அமைத்துவிட்டுக் கலைந்தார்கள். கையுறை போட்ட விரலுக்குத் தனியாக இன்னொரு குழு. மாசக் கடைசி வந்தது, போனது. அடுத்ததும் அப்படியே. வீட்டுக்காரர் அறையை வேறு யாருக்கோ விட்டுவிட்டார். தங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை. நாசமாய்ப் போக என்று அந்த அலுவலகம் இருந்த திசையைப் பார்த்து வாய்விட்டே திட்டினேன்.

ஒருவழியாகப் புது முறை வந்தது. சாத்திய ஜன்னலைத் திறந்து கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். தங்கை பொத்தானை அமுக்கினாள். பங்கு என் பெயருக்கு வந்துவிட்டது. அவள் விரலை எடுத்தாள், வரி வந்துவிட்டது. கட்டிவிட்டு வந்தோம்.

கோட்டுக்காரரின் நிறுவனம் அமுக்கியது. எடுக்கவில்லை.

எடுக்காமல் இருக்க ஆள் வேண்டுமே? ஊரெல்லாம் அறைகளை வாடகைக்குப் பிடித்து, வரிசையாகப் பொத்தான்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் அலுவலரை நியமித்தார்கள். ஒருவர் விரல் நழுவுமுன் அடுத்தவர் விரல் உள்ளே வந்துவிட வேண்டும். தும்மலாம், ஆனால் தோளுக்கு மேல் மட்டும். பங்குகள் பறந்தன, வரி பிறக்கவே இல்லை. விரல் பயிற்சி வகுப்புகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆள்காட்டி விரலை எண்ணெயில் ஊறவைத்துக்கொண்டு நடமாடினார்கள். பெண் கேட்டு வருகிற இடங்களிலும் இதே பேச்சுதான்.

"பையன் என்ன பண்றார்?"

"அமுக்குறார்."

"நிரந்தரமா?"

"எடுக்கவே மாட்டார்ங்க."

குழாயும் சாக்கடையும் உள்ள அறை தங்கைக்கு எங்கேயும் அகப்படவில்லை. எல்லாவற்றையும் அந்த நிறுவனமே வளைத்துப்போட்டிருந்தது, அவள் முதலில் பார்த்த பின்தெரு அறை உட்பட. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போனாள். சாயக் கோலை அசையாமல் பிடித்துப் பழகிய கை, உடனே எடுத்துக்கொண்டார்கள். எந்த அறையில் கடை போட இருந்தாளோ அதே அறையில், குழாய்க்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள்.

வரி வருமானம் படுத்துவிட்டது. இரண்டாம் கலந்தாலோசனைக்கு அழைப்பு வந்தது. பழைய போட்டோவில் நான் இருந்ததால் எனக்கும் வந்தது.

செயலாளரின் முகம் இளைத்திருந்தது. "எளிய தீர்வு ஒன்று உண்டு. சட்டத்தில் 'எடுக்கும்போது' என்பதை 'அமுக்கும்போது' என்று மாற்றிவிட்டால் போதும். சிறுதொழில் பிரதிநிதியின் கருத்து?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் அன்றைக்கே சொன்னதுதானே! ஒரு நிமிஷம் என்று வராந்தாவுக்கு ஓடித் தங்கைக்குப் போன் போட்டேன். இடது கையால் எடுத்தாள்.

"ஏய், சட்டத்தை மாத்தப் போறாங்க! உன் கம்பெனி கடையைக் கட்டிடும். அந்த ரூம் காலியாயிடும். நீ சாயக்கடை போடலாம்!"

அந்தப் பக்கம் யாரோ தும்மும் சத்தம் கேட்டது.

"என்னடி, கேக்குதா?"

"கேக்குது அண்ணே. ஒண்ணாம் தேதியானா சம்பளம் வருது. கடை போட்டா வருமா?"

"நீ ஆசைப்பட்ட கடைடி!"

"ஆசைப்பட்டேன்தான். இப்ப எல்லாரும் என்னை மேடம்னு கூப்பிடுறாங்க. நீ எதிர்த்தே பேசு. என் பொழப்பைக் கெடுத்துடாத."

உள்ளே போனேன். எழுந்து நின்றேன். "விரலை நம்பி இன்றைக்கு எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த விரல்களை ஒரே கையெழுத்தில் வெட்டிவிடலாமா?" என்று கேட்டேன். கோட்டுக்காரர் கைதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளரும் நெகிழ்ந்துபோனார்.

"அப்படியானால் குறையும் வருமானத்தை எங்கிருந்து ஈடுகட்டுவது?"

"விரலை எடுக்கிறவங்ககிட்டேர்ந்துதான்," என்றார் கோட்டுக்காரர். "எடுக்கிறது அவங்க சொந்த விருப்பம்தானே. ரெண்டு மடங்கு போடுங்க."

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்," என்றார் செயலாளர்.

அந்த அறையில் என்றைக்காவது பொத்தானிலிருந்து விரலை எடுக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். கையை முதலில் தூக்கியதும் நான்தான்.