பட்டுக்குரலாருக்கு மூன்று அபிப்பிராயங்கள்

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று ஒருநாள் காலையில் முடிவெடுத்தேன். என் மனைவி அப்போது வீட்டில் இல்லை. அதனால் முடிவெடுப்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஹாலில் ஜன்னலோரம் என் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. அந்த இடம் தன் தையல் மெஷினுக்கு வேண்டும் என்கிறாள் அவள். வெளிச்சம் அங்கேதான் வருகிறதாம். பிளேயர் பரணுக்குப் போகலாமாம். கூடவே நானும் ஏறிக்கொண்டால் ஆட்சேபணை இல்லையாம்.

அந்தப் பிளேயரில் நான் போடுவது பெரும்பாலும் ஒரே இசைத்தட்டுதான். பட்டுக்குரலார் என்று ரசிகர்கள் செல்லமாக அழைத்த பாடகர் திறந்தவெளி மைதானத்தில் பாடிய கச்சேரியை அப்படியே பதிவு செய்த தட்டு. ஸ்டுடியோவில் பாடும்போது அவர் குரல் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். இந்தத் தட்டில் இருமுவார், தண்ணீர் குடிப்பார், ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்தையே மறந்துவிட்டுச் சிரிப்பார். கூட்டம் எடுத்துக் கொடுக்கும். அந்தக் கூட்டத்தில் நாங்கள் இருவரும் இருந்தோம். கல்யாணமான புதிது. எனக்குத் தலையில் முடி இருந்தது, வீட்டில் மதிப்பும் இருந்தது. ஊசி அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் இரண்டும் திரும்பி வந்துவிட்டதாக ஒரு பிரமை. தட்டு பரணுக்குப் போனால் அந்த நாட்களும் கூடவே போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

"நீங்க ஒருத்தர்தான் அதைத் தலையில தூக்கி வெச்சு ஆடறீங்க" என்றாள். "வெளியாளுங்க மூணு பேர் உக்காந்து கேட்டுட்டு நல்லா இருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் நான் வாயைத் திறக்கல."

வெளியாள் என்றால் எனக்குப் பஞ்சமா? பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கணக்கரைப் பிடித்தேன். சவரத்துக்கு உட்கார்ந்தபோதே சலூன்காரரைச் சரிக்கட்டினேன். மூன்றாவதாக, அவள் தம்பியையே வளைத்துப் போட்டேன். எதிரி முகாமிலேயே ஆள் பிடித்துவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஆனால் மூவரையும் நம்பிவிட முடியாது. கணக்கருக்குச் செய்தி வாசிப்பவர் குரலைத் தவிர வேறு குரல் பிடிக்காது. சலூன்காரர் நாள் முழுக்க ரேடியோ கேட்கிறவர், பாட்டு என்றாலே பேச ஆரம்பித்துவிடுவார். மச்சானோ உட்கார்ந்தால் தூங்குகிறவன். அதனால் ஆளுக்கொரு அபிப்பிராயத்தை நானே தயாரித்துக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். கணக்கருக்குக் குரல், சலூன்காரருக்கு வாத்தியம், மச்சானுக்கு அந்த மறந்துபோன சரணம். எப்படி இருந்தது என்று என் மனைவி கேட்ட மாத்திரத்தில் யோசிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். யோசித்தால் சொந்தக் கருத்து வந்துவிடுமே.

குறித்த நாளில் மூவரும் வந்து சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தட்டை எடுக்கப் போனேன். பால் தீர்ந்துவிட்டது, வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்புவதா என்று மனைவி தடுத்தாள். தட்டை அவளே போட்டுவிடுவாளாம். நான் பக்கத்தில் இருந்தால் அவர்கள் மனம் திறந்து பேசக் கூச்சப்படுவார்களாம். அவள் நேர்மை என்னை நெகிழ வைத்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் நல்ல கூட்டம். பால் வாங்கித் திரும்பும்போது என் கணக்குப்படி இரண்டு பக்கமும் ஓடி முடிந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தேன். ஹால் அமைதியாக இருந்தது. மூவரும் என்னைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பாட்டு எப்படிங்க இருந்துச்சு?" என்று கணக்கரைக் கேட்டாள் மனைவி.

"என்ன குரல்மா அது. வயசே தெரியல" என்றார் கணக்கர்.

"அந்த வயலினும் தபேலாவும் போட்டி போட்டுச்சே, அப்படியே புல்லரிச்சுப் போச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார் சலூன்காரர்.

மச்சான் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். "அவர் வரியை மறந்துட்டுச் சிரிச்சாரு பாரு அக்கா, அங்க எனக்கு அழுகையே வந்துடுச்சு."

நான் பால் பையோடு மனைவியைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதே இல்லை.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். தட்டு இன்னும் உறைக்குள்ளதான் இருக்கு. இவ்வளவு நேரம் வீட்டு வாடகையைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தோம்."

கணக்கருக்கு அவசர வேலை ஞாபகம் வந்தது. சலூன்காரர் கடை திறக்க வேண்டும் என்றார். அன்று அவருக்கு விடுமுறை. மச்சான் மட்டும் டீ குடித்துவிட்டுப் போனான்.

தோற்றவன் பேசக்கூடாது. பிளேயரைத் தூக்கிக்கொண்டு ஏணியைத் தேடினேன்.

"பரணுக்கு வேணாம். சமையலறைக்குக் கொண்டு வாங்க."

அங்கே அலமாரியில் ஒரு அடுக்கு காலியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் புத்தம் புது பிளக் பாயிண்ட். எலக்ட்ரீஷியன் எப்போது வந்தார் என்று கேட்டேன். நான் சலூனில் உட்கார்ந்து ஆள் பிடித்துக்கொண்டிருந்த நாளில் வந்தாராம்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் அபிப்பிராயம் கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க ஹால்ல கால் நீட்டிக் கேப்பீங்க. எனக்கு இங்க மிக்ஸி சத்தத்துல பாதிப் பாட்டு போயிடும்."

ஊசியை அவளே வைத்தாள். பட்டுக்குரலார் இருமினார், பாடினார், சரணத்தை மறந்தார். கூட்டம் எடுத்துக் கொடுத்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"இப்பக் கேளுங்க. படபடன்னு ஒரு சத்தம் வருதா? தூறல் போட்டுச்சு, எல்லாரும் குடை விரிக்கிறாங்க. நம்மகிட்ட குடை இல்ல. நீங்க கைக்குட்டையை என் தலையில போட்டீங்க."

இத்தனை காலமாகக் கேட்டும் என் காதில் அந்தச் சத்தம் விழுந்ததே இல்லை. அவளுடைய அபிப்பிராயம்தான் அந்தத் தட்டுக்குக் கிடைத்த ஒரே உண்மையான அபிப்பிராயம் என்று தோன்றியது. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். இனி தினமும் இங்கேயே உட்கார்ந்து சேர்ந்து கேட்கலாம் என்றும் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். ஒரு கூடை வெங்காயத்தை என் மடியில் வைத்தாள்.

"ரெண்டாவது பக்கம் முடியறதுக்குள்ள உரிச்சுக் குடுத்தாப் போதுங்க."