நன்கு வடியும் நிலத்தின் சொந்தக்காரர்கள்

உலகில் உள்ள நிலங்கள் அனைத்தும், தண்ணீர் வடியும் தன்மையை முன்னிட்டு, ஏழு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் வகுப்பு நிலத்தில் ஊற்றிய தண்ணீர் ஊற்றியவுடன் மறையும். மூன்றாம் வகுப்பு ‘நன்கு வடியும் நிலம்’ எனப்படும். ஏழாம் வகுப்பு ‘மிக மோசமாக வடியும் நிலம்’. அதில் வாத்து நீந்தும். இவ்வகுப்புகளைக் கண்டுபிடித்தவர்கள் அறிஞர்கள். அவற்றைக் காகிதத்தில் ஏற்றியவர்கள் அதிகாரிகள். அவற்றின் மேல் குடியிருப்பவர்கள் நாங்கள்.

அயோவாவின் வடக்கே உள்ள எங்கள் நோர்லண்ட் வட்டாரத்தை உண்டாக்கியது ஒரு பனிப்பாளம். அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வடக்கேயிருந்து வந்து, களிமண்ணையும் கல்லையும் மணலையும் ஒன்றாய்ப் பிசைந்து, தோசைக்கல்லைப் போல் மட்டமாகப் பரப்பியது. தண்ணீர் போவதற்கு ஒரு வழியும் வைக்காமல், பணி நிறைவுச் சான்றிதழும் பெறாமல், உருகிப் போய்விட்டது. அதன் மீது நடவடிக்கை எடுக்க அன்று அலுவலகம் எதுவும் இல்லை. பிற்பாடு வந்து குடியேறியவர்கள் நிலத்தடியில் சுட்ட மண்குழாய்களைப் பதித்து, அவற்றைப் பொதுவான ஒரு பெருங்குழாயில் சேர்த்து, தண்ணீரை ஆற்றுக்கு அனுப்பி, சதுப்பை மக்காச்சோள வயலாக்கினார்கள். குழாய் இருக்கும்வரை நாங்கள் விவசாயிகள். குழாய் உடைந்தால் தவளைகள்.

இவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஹால்வர் ஸ்கோகன் என்பவரது மேற்கு வயலின் அடியில் இருந்த குழாய் இடிந்தது. வயலில் குளம் தோன்றியது. குளம் நாளொரு மேனியாக வளர்ந்து அவரது வீட்டை நோக்கிப் புறப்பட்டது. அவர் மனைவி லெனோரா அம்மையார் ஞாயிறுதோறும் கரையில் ஒரு குச்சி நட்டு, தண்ணீர் வாரத்திற்கு நான்கடி வருகிறது என்று கண்டறிந்தார். வீடு இருபதடி தூரத்தில் இருந்தது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குழாயைப் பழுதுபார்க்க அனுமதி வேண்டும். ஹால்வர் மண் வகைப்பாட்டு அலுவலகத்திற்குச் சென்று, அதிகாரி மெரில் பிங்க்னி அவர்களின் முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அதிகாரி வரைபடத்தை விரித்தார்.

“உங்க நிலம் மூணாம் வகுப்பு. நல்லா வடியும். தண்ணி நிக்காது.”

“நிக்குதுங்களே.”

“எங்க நிக்குது?”

“என் வயல்ல.”

“வரைபடத்துல நிக்கலையே!”

அவ்வரைபடம் நாற்பது ஆண்டுகளுக்கு முன், மழையே இல்லாத ஓர் ஆகஸ்ட் மாதத்தில், நெடுஞ்சாலையில் காரை நிறுத்தாமலே வரையப்பட்டதாகும். ஆயினும் அது அச்சிடப்பட்டது. ஹால்வரின் குளமோ அச்சிடப்படாதது. எனவே குளம் தன்னை நிரூபிக்கக் கடமைப்பட்டிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதிகாரி நேரில் வந்தார். முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நின்று, திருகுத் துளைப்பானை முறுக்கி, இரண்டடி ஆழத்திலிருந்து மண்ணை எடுத்தார். அதிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு தெளிப்பான் புட்டியை எடுத்து, அம்மண்ணின் மீது மூன்று முறை பீய்ச்சினார்.

“என்ன சார் பண்றீங்க?” என்றார் ஹால்வர்.

“மண்ணை ஈரமாக்கிட்டுத்தான் நிறம் பாக்கணும். விதி.”

“அதான் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கே சார்!”

“இது இன்னும் நிரூபணம் ஆகாத தண்ணி. புட்டியில இருக்கறது அலுவலகத் தண்ணி.”

பின்னர் அவர் நிற அட்டைகள் ஒட்டிய புத்தகத்தைத் திறந்து, சூரியனுக்கு முதுகு காட்டி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மண்ணை ஒவ்வோர் அட்டையோடும் ஒப்பிட்டார். பெண் பார்க்கப் போகிறவர்களும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

“சாம்பல் நிறம். நடுநடுவுல துருப்புள்ளி. காத்தே படாம தண்ணியிலயே ஊறின மண்ணு. சந்தேகமே இல்ல, ஏழாம் வகுப்பு!” என்றார்.

ஹால்வர் மகிழ்ச்சியில் அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ரொம்ப நன்றி சார்! அப்ப குழாயை மாத்திடலாமா?”

“ஐயையோ! ஏழுன்னா இது இயற்கைச் சதுப்பு நிலம். பாதுகாக்கணும். ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போகக்கூடாது.”

“அப்படின்னா மூணாவே இருந்துட்டுப் போகட்டும் சார்.”

“மூணுன்னா தண்ணியே நிக்காதே. எதுக்குக் குழாய்?”

கரையில் குச்சியோடு நின்ற லெனோரா அம்மையார் குறுக்கிட்டார். “ஏன் சார், குழாய் போடறதுக்குன்னு ஏதாவது நிலம் இந்த உலகத்துல இருக்கா?”

“இருக்கும்மா. தண்ணி நிக்கணும், ஆனா நின்னதா எங்கயும் பதிவாகியிருக்கக் கூடாது.”

“இப்ப நீங்க பதிவு பண்ணிட்டீங்க.”

“அது என் கடமைம்மா.”

அதிகாரி இரக்கமற்றவர் அல்லர். காரில் ஏறுமுன் ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். வட்டாரத்தில் நிலம் உடையவர்கள் இருபத்துமூன்று பேர். அவர்களுள் பன்னிரண்டு பேர் பொதுச் சபையில் எழுந்து, தம் நிலம் மோசமாக வடியும் நிலமே என்று தம் வாயால் அறிவித்தால், அது தனி மனிதரின் குளமாக இராது, பொதுத் துயரமாகிவிடும். பொதுத் துயரத்திற்கு விதிவிலக்கு உண்டு. பெருங்குழாய் உட்பட எல்லாக் குழாய்களையும் அரசே புதிதாகப் பதித்துத் தரும்.

“பன்னெண்டு பேர்தானே!” என்றார் ஹால்வர். “இருபத்துமூணு பேர் வயல்லயும் வாத்து நீந்துது. இது ஒரு வேலையா?”

அவர் ஒன்றை மறந்திருந்தார். அவ்வசந்த காலத்தில்தான் அலுவலகம், அந்தப் பழைய வரைபடத்தை ஆதாரமாகக் கொண்டு, ஒவ்வொருவருக்கும் வடிகால் வகுப்புச் சான்றிதழ் ஒன்றை, பளபளப்பான உறையிட்டு, தபாலில் அனுப்பியிருந்தது. எங்கள் வட்டாரத்தில் ஒருவன் குடிக்கிறான் என்று சொன்னால் மன்னிப்பான். உன் வயலில் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னால் மூன்று தலைமுறைக்குப் பேசமாட்டான். அப்படிப்பட்டவர்களுக்குச் சான்றிதழ் வந்தால் என்ன ஆகும்? வாயிற்கதவுகளில் வகுப்பு எண் ஏறிற்று. தொப்பிகளில் ‘மூன்று’ என்று பின்னிக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் நிச்சயதார்த்த அறிவிப்பில் மாப்பிள்ளையின் படிப்புக்கு முன்னால் அவரது வயலின் வகுப்பு அச்சாயிற்று. நானும் ஒரு தொப்பி வாங்கினேன். மற்றவர்கள் வாங்கியதால் வாங்கினேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஹால்வர் தானியக் கிடங்கிற்குச் சென்றார். காலையில் அங்கே எல்லோரும் காப்பி குடிப்பது வழக்கம். கிளெட்டஸ் வோஸ் என்பவர் வரைபடத்தின் ஓர் ஓரத்தில் இரண்டாம் வகுப்பு பெற்றவர். ஆகையால் நாற்காலியில் சற்று உயரமாக உட்கார்ந்திருந்தார். அவரது முழங்கால்வரை சேறு அப்பியிருந்தது.

“கிளெட்டஸ், உன் கிழக்கு வயல்ல தண்ணி நிக்குதில்ல?”

“யாரு சொன்னா?”

“நான் பார்த்தேன்டா.”

“அது நிக்கல. போற வழியில கொஞ்சம் இளைப்பாறுது.”

“ஒரு மாசமாவா?”

“அதுக்கு அவசரம் இல்ல போலிருக்கு.”

“கால்ல என்ன சேறு?”

“உன் வயல் வழியா வந்தேன்.”

காப்பிக் கோப்பைகள் குலுங்கச் சிரித்தார்கள். ஹால்வர் கெஞ்சினார். “தண்ணி இப்ப என் நிலவறைக்குள்ள வந்திருச்சுப்பா. அடுத்த வாரம் அடுப்படி. சபையில எந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாருக்கும் புதுக் குழாய்.”

“சொல்லலாம்ப்பா,” என்றார் கிளெட்டஸ், குரலைத் தாழ்த்தி. “வேற பன்னெண்டு பேர் சொல்லட்டும். பதிமூணாவது ஆளா நான் சொல்றேன்.”

ஹால்வர் இருபத்திரண்டு வீடுகளுக்கும் சென்றார். இருபத்திரண்டு பேரும் பதிமூன்றாவதாகச் சொல்லச் சம்மதித்தார்கள்.

பொதுச் சபை மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடிற்று. அதற்கு முன் மூன்று நாள் மழை. அன்று காலையில் ஹால்வர் வீட்டு அடுப்படிப் படியில் தண்ணீர் ஏறியிருந்தது. லெனோரா அம்மையார் கோழிகளைச் சாப்பாட்டு மேசையின் மேல் ஏற்றிவிட்டு வந்திருந்தார். கீழ்த்தளத்தில் கணுக்கால்வரை தண்ணீர். அதை ஒருவரும் குறிப்பிடவில்லை. எல்லோரும் ரப்பர் பூட்ஸ் அணிந்து, கால்களை நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு, பன்றி இறைச்சி வைத்த பன்னும் காப்பியும் அருந்தினோம். ஒரு காகிதத் தட்டு மிதந்து வந்து அதிகாரியின் காலடியில் நின்றது. அவர் அதைத் தள்ளிவிட்டு, நடவடிக்கைகளைத் தொடங்கினார்.

“பெயர் கூப்பிடறேன். எந்திரிச்சு, உங்க நிலம் என்ன மாதிரி நிலம்னு உங்க வாயால சொல்லுங்க. கிளெட்டஸ் வோஸ்!”

கிளெட்டஸ் எழுந்தார். தண்ணீர் சளக்கென்றது. “என் நிலம் அளவுக்கு மீறி வடியற நிலம் சார். தூசி தாங்க முடியல.”

அடுத்தவர் ‘நன்கு வடியும்’ என்றார். அதற்கடுத்தவர் ‘மிக நன்கு’ என்றார். அப்படியொரு வகுப்பு இல்லை என்று திருத்தப்பட்டு, வருத்தத்தோடு உட்கார்ந்தார். என் முறையும் வந்தது. என் நிலம் மூன்றாம் வகுப்பு என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் தெளிவாகவே இருந்தது.

இருபத்திரண்டு பேர் முடிந்தது. ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

“ஹால்வர் ஸ்கோகன்!”

ஹால்வர் எழுந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். லெனோரா அம்மையார் அவரது சட்டைக் கையை இழுத்து, “ஏங்க, உள்ளதைச் சொல்லுங்க. கோழி மேசை மேல நிக்குது,” என்றார்.

ஹால்வர் அதிகாரியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்கள் தொப்பிகளைப் பார்த்தார்.

“நன்கு வடியும் சார்,” என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். நோர்லண்ட் வட்டாரத்தில் தண்ணீர் தேங்கும் நிலம் ஓர் அங்குலமும் இல்லை என்பது ஐயமறத் தெளிந்ததால், பயனற்றதாகிவிட்ட பொதுப் பெருங்குழாயின் வாயைத் திங்கட்கிழமையே காங்கிரீட் இட்டு அடைத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கிளெட்டஸ் வழிமொழிந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அப்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தபடியால், கைதட்டலோடு சபை கலைந்தது.

மேலே வந்து பார்த்தபோது, நெடுஞ்சாலை வழியாக முதல் ஆளாக வந்திருந்த அதிகாரியின் கார் ஜன்னல்வரை மூழ்கியிருந்தது. அதற்கு அப்பால், தேவாலயத்தின் இரும்புக் கம்பிவேலியில், இருபத்திரண்டு படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டு ஆடிக்கொண்டிருந்தன.

“இதெல்லாம் யாரோட படகு?” என்று கேட்டார் அதிகாரி.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நன்கு வடியும் நிலத்தின் சொந்தக்காரனுக்குப் படகு எதற்கு?

“தெரியல சார்,” என்றார் கிளெட்டஸ்.

“பக்கத்து வட்டாரத்துக்காரனுங்க விட்டுட்டுப் போயிருப்பானுங்க,” என்றார் ஹால்வர்.

லெனோரா அம்மையார் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். “யாரோடதும் இல்லைல்ல?” என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். எல்லோரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டோம். “அப்ப நல்லதாப் போச்சு,” என்று சொல்லி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, இருந்தவற்றுள் புதியதாக, பச்சை வண்ணம் பூசி, மோட்டார் பொருத்தியிருந்த படகை அவிழ்த்து, கோழிகளைக் காப்பாற்ற வீட்டை நோக்கி ஓட்டிச் சென்றார்.

படிக்கட்டில் நின்றபடி நாங்கள் இருபத்துமூன்று பேரும், மற்றவர்கள் முதலில் வீட்டிற்குப் போகட்டும் என்று காத்திருந்தோம். வாங்கி இரண்டு வாரமே ஆன என் படகு, ஹால்வரின் மேற்கு வயலின் குறுக்கே சிறு புள்ளியாகி மறையும்வரை, அது மிகவும் அழகான படகு என்று அனைவரோடும் சேர்ந்து நானும் பாராட்டினேன்.