தென்னையைப் பார்த்துக் கண்ணடித்தவன்

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணைத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் முப்பது வயது வரை எனக்குத் தெரியாமல் போனது.

தொண்ணூறுகளில் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகப் புது டவர்கள் நட்டுக் கம்பி இழுக்க வேண்டும். அதற்குப் பாதை அளக்கிற வேலை எனக்கு. கம்பிக்கு அடியில் உயரமான மரம் நின்றால் வெட்டிவிடுவோம். ஊர்க்காரர்கள் எங்களை நம்பியதே இல்லை. காற்றாடி மழை மேகத்தை விரட்டுகிறது, கம்பி போனால் இளநீர் வற்றிவிடும் என்றெல்லாம் பேச்சு. தோப்புக்காரர்கள் எங்களைக் கண்டால் நாயை அவிழ்த்துவிடுவார்கள். (இதில் பெண் வேறு கொடுப்பார்களாக்கும்!) ஏற்கெனவே நாலைந்து இடம் தட்டிப்போயிருந்தது.

கடைசி நம்பிக்கையாக, சீவலப்பேரி பக்கம் ஒரு தோப்புக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனார் சித்தப்பா.

“ஏலே, கரண்ட் ஆபீஸ்ல வேலைன்னு மட்டும் சொல்லு. டவர் கிவர்னு வாயத் தொறக்காத.”

வாயைத் திறக்கவில்லை. பெண் காபித் தட்டோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் சன்னல், சன்னலுக்கு வெளியே தோப்பு. என் புத்தி அங்கே ஓடிவிட்டது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை முன்னால் நீட்டி (உயரத்தைக் குத்துமதிப்பாகப் பார்க்கிற தொழில் பழக்கம்) ஒரு தென்னையை அளந்தேன்.

பெண்கள் பக்கமிருந்து ‘ஐயையோ’ என்று ஒரு சத்தம். பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார்.

“என்னவே செய்யுதீரு?”

சித்தப்பாவுக்கு வேர்த்துவிட்டது. இருந்த கேவலங்களில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பய ஆசையில பொண்ணப் பாத்துக் கண்ணடிச்சிட்டான்.”

“கண்ணடிச்சிருந்தா போகட்டும்னு விட்டிருவேன். பக்கத்துத் தோப்புலயும் டவர்க்காரனுவ இப்படித்தாம்வே வெரல நீட்டுனானுவ. இவன் என் தென்னைய அளக்கான்! பழத்தட்டக் கையில வச்சிக்கிட்டு நோட்டம் பாக்க வந்திருக்கான்!”

பெண் நேராக என்னிடமே கேட்டாள். “நெசமாச் சொல்லுங்க. என்னையப் பாத்தீங்களா, மரத்தப் பாத்தீங்களா?”

‘உங்களைத்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணம் பிழைத்திருக்கும். “மரத்த” என்றேன். அதோடு நிறுத்தினேனா? “ஓரத்து வரிசை போயிரும்.”

காபி குடிக்காமலே கிளம்பினோம். பஸ்ஸில் சித்தப்பா எனக்கு நாலு சீட்டு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுவாரம் பெண்ணின் அப்பா என்னைத் தேடி வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. “தோப்பு போவும்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளு, நாளைக்கு எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாருன்னு அவ சொல்லுதா. எனக்கு நம்பிக்கையில்லவே. ஆனா அவ பிடிவாதமா நிக்கா.”

கல்யாணம் நடந்தது. ஓரத்து வரிசையும் போனது. இன்றைக்கும் நான் தோப்புப் பக்கம் கை கழுவப் போனால் மாமனார் கூடவே வருவார்.

என் மகள் மட்டும் சித்தப்பா சொன்னதைத்தான் நம்புகிறாள். “அம்மா, அன்னைக்கு அப்பா ஒன்னயப் பாத்துக் கண்ணடிச்சாகளாமே?”

“ஏட்டி, இன்னும் அடிக்கல” என்பாள் என் மனைவி. “காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”