வாங்க முன் வாசிப்பவர்

கடைக்குப் போய், சாமானை எடுத்து, காசைக் கொடுத்து, வீட்டுக்கு வந்து பாவிக்கிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கே பேசப்போவது மற்ற வகையைப் பற்றி. வாங்க முன் வாசிப்பவர். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும், இல்லையா?

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி அரியரத்தினம். வயது ஐம்பத்தெட்டு, உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் வேலை. குளிர்ச்சட்டைகளை ஐப்பசியில் ஒப்பிடத் தொடங்கிச் சித்திரையில் வாங்கியவர். தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைத் தெரிவுசெய்து முடிப்பதற்குள் மனைவி வத்சலாவை எட்டு மாதம் தும்புத்தடியால் கூட்ட வைத்தவர். எந்தப் பொருளுக்கும் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை அவர் வாசிப்பதில்லை, அவை விற்கிறவரின் சொந்தக்காரர் எழுதியவையாம். முதலில் ஒரு நட்சத்திரம். யார் யாருக்கு என்னென்ன உடைந்தது, எங்கே தண்ணீர் கசிந்தது, எந்தப் பெட்டி நசுங்கி வந்தது என்று வாசிக்கும்போது அவருடைய முகத்தில் ஒரு நிறைவு தெரியும். பக்கத்து வீட்டு உருத்திரமூர்த்தி ஒன்றையும் வாசிக்காமல் வாங்கிய இயந்திரம் ஆறு வருடமாக உழைக்கிறது. அதை அரியரத்தினத்தால் மன்னிக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவர் இரண்டு வருடத்துக்கு முன் ஊர்க் குறிச்சூட்டுக் கழகத்தில் சேர்ந்தார். காற்றுத் துவக்கு, கடதாசி இலக்கு, முடிந்ததும் பியர். அங்கே அவர் ஒருவர்தான் தமிழர். சுடவும் நன்றாக வந்தது. கண்தான் மங்கியது. ஆனி மாதத்தில் பக்கத்து ஊர்க் கழகத்தோடு நடக்கும் நட்புப் போட்டியில் மட்டும், ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் துவக்கில் தொலைநோக்கி பூட்டலாம். அணியில் நான்காவது இடம் காலி. கழகச் சட்டையில் பெயர் தைத்துத் தருவார்கள். முப்பத்தைந்து வருடமாக அந்த ஊரில் இருக்கும் மனிதருக்கு, தன் முழுப் பெயரையும் ஒரு ஜெர்மன்காரர் எழுத்துப் பிழையில்லாமல் தைத்து வைத்திருப்பதைப் பார்க்க ஆசை. உண்மையான ஆசை.

ஆகவே, மலிவான நல்ல தொலைநோக்கி ஒன்று வேண்டும். மாசியில் தேடத் தொடங்கினார்.

கழகத் தலைவர் ஹோர்ஸ்ட், அலுமாரியிலிருந்து கறுப்பு நாடா சுற்றிய பழைய தொலைநோக்கி ஒன்றை எடுத்து நீட்டினார். "உங்களுடையது வரும்வரை இதை வைத்துக்கொள்ளுங்கள், ரத்தினம்."

அரியரத்தினம் அன்றிரவே அதன் பெயரைத் தேடினார். இரண்டரை நட்சத்திரம். அடுத்த வியாழன் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? ஆல்ப்ஸ் மலையில் மான் சுடுகிறவர்கள் எழுதியது, மழையில் நனைய விட்டுப் பரிசோதித்தவர்கள் எழுதியது, கண்ணாடிப் பூச்சு, உள்ளே அடைத்த வாயு, அதிர்ச்சி தாங்கும் திறன், அந்தி வெளிச்சத்தில் பன்றியின் காது தெரியுமா தெரியாதா என்பதுவரை, இருநூற்றுப் பதினாறு விமர்சனங்கள். அட்டவணை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். பால் எடுக்கப் போன வத்சலா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் சுடுற கடதாசி எவ்வளவு தூரத்திலை இருக்கு?"

"பத்து மீற்றர். ஏன்?"

"இதிலை அந்தக் கணக்கு ஒண்டையும் காணேல்லை. அதுதான் கேட்டனான்."

"நூறு மீற்றரிலை மானின்ர கண் தெரியிற சாமான், பத்து மீற்றரிலை கடதாசி தெரியாதே? நீர் உதுக்குள்ளை தலையிடாதையும்."

"ஓம், ஓம்," என்றபடி அவர் பாலை எடுத்துக்கொண்டு போனார்.

பங்குனி போனது. விலை விழும் என்று சித்திரை போனது. புது மாதிரி வருகிறதாம் என்று வைகாசியும் போனது. அணிப் பட்டியல் மூடுகிற வியாழனுக்கு முதல் நாள் பொதி வந்தது. நாலே முக்கால் நட்சத்திரம், அதுவும் கழிவு விலையில். உலகத்தை வென்ற மாதிரி இருந்தது அவருக்கு.

வியாழன் மாலை ஏழரை மணிக்குத் துவக்கில் பூட்டி, தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இலக்கைக் காணவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் தெரிந்தது. கண்ணைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார். கூழ் அப்படியே இருந்தது.

ஹோர்ஸ்ட் குனிந்து பார்த்தார். "இது நூறு மீற்றருக்கென்று தெளிவு வைத்துச் செய்தது. கிட்டே தெரியாது. மாற்றவும் முடியாது."

அரியரத்தினம் தொலைநோக்கியைக் கழற்றி யன்னலால் பார்த்தார். தெருக்கோடியில் உள்ள தேவாலயத்து மணிக்கூடு பளிச்சென்று தெரிந்தது. எட்டு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடம். எட்டுக்குப் பட்டியல் மூடும்.

"அந்தப் பழையது இருக்கிறதா?"

"வில்லியிடம் கொடுத்துவிட்டேன். பங்குனியிலேயே," என்றார் ஹோர்ஸ்ட், சங்கடத்தோடு. வில்லி ஓய்வுபெற்ற தபால்காரர். இரண்டரை நட்சத்திரக் கண்ணாடியால் மூன்று மாதம் பழகியவர். அவருடைய பெயர்தான் நான்காவதாக எழுதப்பட்டது. சட்டைக்குக் கொடுக்கவென்று அரியரத்தினம் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த தன் பெயர்க் கடதாசி சட்டைப்பையில் கிடந்தது. மனிதருக்கு அது உண்மையாகவே நொந்தது, அதில் கேலிக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் வத்சலா சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தார். அரியரத்தினம் சாப்பிட்டு, கை கழுவி, கணினிக்கு முன் இருந்து, ஒரேயொரு நட்சத்திரம் போட்டு எழுதினார்: "ஏமாற்று வேலை. ஒன்றும் தெரியவில்லை. வாங்காதீர்கள்." எத்தனை மீற்றரில் என்று எழுதவில்லை.

இன்றுவரை அதை நாற்பத்தொரு பேர் "பயனுள்ளது" என்று அழுத்தியிருக்கிறார்கள். நீங்கள் துவக்குச் சுடுகிறவர் இல்லை, தெரியும். ஆனாலும் போன கிழமை ஒரு சோறு அவிக்கும் சட்டிக்காக மூன்று மணித்தியாலம் ஒரு நட்சத்திரங்களாகத் தேடி வாசித்தீர்களே, அவற்றை எழுதியவர்கள் யார் என்று நினைத்தீர்கள்? அதுசரி, உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குச் சோறு என்று பார்த்தீர்களா?